வராதவன் வரும் காட்சி

12 நவம்பர் 2024, செவ்வாய்

ஆண்டு விழாவுக்குப் பிரெஞ்சுப் பிரிவும் ஏதாவது செய்தாக வேண்டுமாம். எங்கள் பள்ளியில் பிரெஞ்சுக்கு இருப்பது நான் ஒருத்தி. பிரிவு என்றால் இந்தத் தேவிப்ரியா மிஸ், அவ்வளவுதான்.

கல்லூரியில் படித்த பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றை நாடகமாக்கலாம் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். மலைக்காட்டில் ஒரு பண்ணை, அங்கே ஒரு பெண். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் பனிப்புயலில் தொலைந்துபோகிறான். அவள் அழுது முடித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கட்டிக்கொண்டு அதே மண்ணில் இருந்துவிடுகிறாள். இதை இரண்டு முறை படமாக எடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கடைசியில் அவன் திரும்பி வந்துவிடுகிறான். கலர் படத்தில் அவள் ரயிலேறிப் பட்டணம் போகிறாள். அவள் அங்கேயே இருந்ததைப் படம் எடுத்தவர்களுக்குப் பொறுக்கவில்லை போல.

இனியா எழுந்து நின்றாள். "மிஸ், பனின்னா எங்கம்மாவுக்கெல்லாம் புரியாதுங்க. ரிக்கு லாரியில போர்வெல் போட வடக்க போனவன் வரலீன்னு வெச்சுக்கலாமுங்க."

"நல்ல யோசனை" என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஊர்க்கதை எதையும் நான் பள்ளிக்குக் கொண்டுபோனதில்லை. மணி அடித்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

15 நவம்பர், வெள்ளி

பொன்னாயி அத்தை இன்றும் தன் மகன் பூபதி மாமாவின் பைக்கை ஸ்டார்ட் செய்தாள். வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறாள், பேட்டரி செத்துவிடக் கூடாதாம். ஓட்டத் தெரியாது. பட்டனை அமுக்கி, பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும், அத்தைதான் என்றும் தெரியும். ஆனாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். சே!

17 நவம்பர்

இனியாவின் நாடகத்துக்காக இதை எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்ன கொடுமை.

போன வருடம் ஆவணி. ஒடிசாப் பக்கம் ஒரு தரைப்பாலத்தில் வெள்ளம் ரிக்கு லாரியை இழுத்துப் போனது. லாரி கிடைத்தது. கூடப் போனவர்கள் உயிரோடோ உயிரில்லாமலோ கிடைத்தார்கள். மாமா மட்டும் கிடைக்கவில்லை. அத்தை மகன். தையில் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது.

புரட்டாசியில் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அதற்கப்புறம் யாரும் அழவில்லை, கருமாதியும் செய்யவில்லை. நான் எம்.ஏ. படித்தவள். அந்தப் பூவை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

19 நவம்பர்

மாமாவின் வாட்ஸப் எண்ணில் ஒரு கைக்குழந்தையின் படம். எண்ணை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆன்லைன் என்று காட்டுகிறது — பார்க்காதே, பார்க்காதே.

1 டிசம்பர், ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்துச் சந்திரசேகர் வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். "இன்னும் எத்தன நாளைக்குச் சாமி இப்படி?" என்றாள் அம்மா.

"பூ வெள்ளதான வந்துச்சு!" என்று கத்தினேன்.

அம்மா சாமி விளக்கைத் தூண்டிவிட்டாள். பிறகு, "தை பொறந்ததும் இதுக்கும் ஒருக்கா பூக் கேட்டுப்போடலாம். மாரியாத்தா சொன்னபடி நடந்துக்க" என்றாள். சரி என்றேன். சிவப்புத்தான் வரும். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்ன சாமி, இன்னொருத்தனைக் கட்டிக்கொள் என்று எப்படிச் சொல்லும்?

8 டிசம்பர்

சந்திரசேகர் தன் மரவள்ளித் தோட்டத்து வரப்பில் நின்று பேசினார். நாவலில் வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் மாதிரியே அசடு வழிவார் என்று பார்த்தேன், இல்லை.

"எனக்கு அவசரமில்லீங்க. குச்சிக்கிழங்கு போடறவன் நான். பத்து மாசம் காத்திருந்து பழக்கமுங்க."

"அதுக்கு மேல உட்டா முத்திப்போயிருமே?"

"அதுவும் தெரியுமுங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதற்காக அழுதேன்.

9 ஜனவரி 2025

ஒத்திகை. பிள்ளைகள் கறுப்பு வெள்ளைப் படத்தின் முடிவையே வைத்துவிட்டார்கள். கௌசிக் கிரீஸ் பூசிய சட்டையும் லுங்கியுமாக வந்து, "நான் வந்துட்டேன்" என்கிறான்.

"நிறுத்துடா!" என்றேன். பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். இனியா மெதுவாக, "வந்தா நல்லாத்தான மிஸ் இருக்கும்?" என்று கேட்டாள்.

நல்லாத்தான் இருக்கும். யாரு இல்லைங்கறா?

17 ஜனவரி, வெள்ளி

வெள்ளை வந்தது.

எல்லோரும் கும்பிட்டு, சந்திரசேகரின் அம்மா என் தலையில் பூ வைத்து, ஒரே சந்தோஷம்.  குழந்தை எடுக்காத பொட்டலம் படியில் கிடந்தது. எடுக்காததை யாரும் பிரிப்பதில்லை, அது வழக்கமில்லை. நான் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முன் நீட்டினேன். "ஆமா, நாந்தான் மடிச்சேன். செவப்பு வந்துபோட்டா நீ ஆயுசுக்கும் இப்படியே உக்காந்துக்குவியே" என்றாள்.

"அப்ப போன தடவ?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத நான் மடிக்கலச் சாமி. உன்ற அத்தை மடிச்சா."

18 ஜனவரி

அத்தை பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டுலயும் வெள்ளதாஞ் சாமி. செவப்ப வெச்சு, அது கைக்கு வந்துபோட்டா, பெத்தவ நான் என்ன பண்ணுவேன்?"

கோபம் வரவில்லையா? வந்துச்சு. கிட்டத்தட்ட ஒன்றரை வருசம்! ஆனா அத்தைகிட்ட என்னத்தச் சண்டை போட? நானாக இருந்தாலும் சிவப்பை வைத்திருப்பேனா?

ஆக, சாமி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு முறையும் யாரும் அதைக் கேட்கவே இல்லை. மாமா இருக்கிறானா இல்லையா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. சந்திரசேகர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், பூ வந்தாலும் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை என்று.

31 ஜனவரி, வெள்ளி

நாடகம் முடிந்தது. கடைசிக் காட்சியை நானே மாற்றி எழுதினேன். அவன் வருகிறான். அவள் புருஷனோடு கிழங்கு வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவனை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். பெற்றோர்கள் பாதிப் பேர் ரிக்கு லாரிக் குடும்பம். எல்லோரும் கை தட்டினார்கள்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது சொன்னாள். "அந்தப் பையனுக்கு ஒரு சொம்புத் தண்ணியாச்சும் குடுத்திருக்கலாம் சாமி."

2 மார்ச்

நானே தோட்டத்துக்குப் போய்ச் சரி என்று சொன்னேன். கிழங்கு வெட்டு நடந்துகொண்டிருந்தது. சந்திரசேகர் தலைத்துண்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "அத்தைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டேன். "நாமதானுங்க" என்றார்.

5 ஜூன், வியாழன்

கல்யாணம். மேளத்துக்கு நடுவில் ரோட்டில் ஒரு லாரி ஹாரன். திரும்பிப் பார்த்துவிட்டேன். இவரும் திரும்பிப் பார்த்தார்.

22 செப்டம்பர்

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். இவர்தான் சேலத்துக்குக் கார் ஓட்டி வந்தார். அட்மிஷன் போடும் பெண், "கூட வந்திருக்கறது யாருங்கம்மா?" என்று கேட்டாள்.

"பையன்" என்றாள் அத்தை.

"பேருங்க?"

"பூபதி."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இவர் ஒரு எட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தார். கேட்டிருக்கும். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். "பொன்னாயிம்மா பையன் பூபதி யாருங்க?"

 என்னால் கதவுப் பக்கம் பார்க்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்து இவர் எழுந்தார். "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.