கேமராவுக்கு ஒரு அம்மா

ஏப்ரல் 9, சியான், சீனா

எங்கள் சுற்றுலாக் கம்பெனி மேனேஜர் யான் மறுபடியும் ஒரு ஆளை என் தலையில் கட்டிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிக் காட்டித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறேன். விடுப்பு கேட்டால், "ஒரே ஒரு பொண்ணு, சூச்சின். நெதர்லாந்துலேருந்து வருது. நாலு இடத்தைக் காட்டி அனுப்பு, அவ்வளவுதான்" என்கிறார். அவர் சொல்லும் 'அவ்வளவுதான்' என்றைக்கு அவ்வளவோடு நின்றிருக்கிறது?

ஏப்ரல் 11

விமான நிலையத்தில் 'ஃபெம்கே' என்று எழுதிய அட்டையோடு நின்று மஞ்சள் தலைமுடியைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்று கை நீட்டியவள் நம் ஊர்ப் பெண்! கைக்குழந்தையாக இருந்தபோது அநாதை இல்லத்திலிருந்து ஒரு டச்சுத் தம்பதி தத்தெடுத்துப் போனார்களாம். இப்போதுதான் முதல்முறை வருகிறாள். நம் மொழியில் ஒரு சொல் தெரியாது. எனக்கும் அவளுக்கும் ஆங்கிலம்தான்.

டிரைவர் கெங் அண்ணன் கண்ணாடியில் அவளையே பார்த்தார். "பெத்தவங்களைத் தேடி வந்திருக்காளான்னு கேளு, தங்கச்சி."

கேட்டேன்.

"இல்லை. களிமண் வீரர்களைப் பாக்கணும். கோட்டை மதில்மேல சைக்கிள் ஓட்டணும்."

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மண்ணுக்கு வந்து சைக்கிள் ஓட்டவா? கல் நெஞ்சுக்காரி.

ஏப்ரல் 12

குடிக்க வெந்நீர் கொடுத்தால் ஆறட்டும் என்று வைத்துவிடுகிறாள். கழிப்பறைக்குள் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்து, காகிதம் எங்கே என்கிறாள். அவரவர் கொண்டுபோக வேண்டும் என்றால், "யாரும் சொல்லலையே!" இதை யாராவது சொல்வார்களா?

நூடுல்ஸ் கடையில் நான் பணம் கொடுக்கத் திரும்பிய நேரத்தில் கடைக்கார அம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "காரம் வேணுமா வேணாமா? உன்னைத்தாம்மா! வாயில என்ன கொழுக்கட்டையா?" ஃபெம்கே சிரித்து மழுப்பினாள். "மூஞ்சி மட்டும் சீனா, பேச்சைக் காணோம். பெத்தவங்க என்னத்தை வளத்தாங்களோ!"

கடையே சிரித்தது. காலையிலிருந்து அவள்மேல் எரிந்துகொண்டிருந்த எனக்கு, இப்போது கடைக்காரிமேல் பற்றிக்கொண்டு வந்தது. "காரம் வேண்டாம், வாயை மூடிட்டு ஊத்துங்க" என்றேன்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் ஃபெம்கே.

"காரம் வேணுமான்னு கேட்டாங்க."

"அதுக்கா அவ்வளவு நேரம் பேசினாங்க?" என்று கேட்டுவிட்டுத் தலை குனிந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 13

களிமண் வீரர்கள். பேரரசர் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த அந்தச் சிலைகள் நிற்கும் முதல் குழியின் கம்பியருகே கூட்டம் முழங்கையால் இடித்துத் தள்ள, அவள் நகரவே இல்லை. "ஒவ்வொருத்தருக்கும் ஒரு முகம்" என்றாள். அதைத்தான் நான் தினமும் ஒப்பிக்கிறேன். அவள் சொன்னபோது நானும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில், நான் கேட்காமலே சொன்னாள்: "எனக்கு அம்மா இருக்காங்க. நெதர்லாந்துல. அவங்களும் இங்க வர ஆசைப்பட்டாங்க, முழங்கால் விடல. நான் யாரையும் தேடலைன்னா எல்லாருக்கும் ஏன் இவ்வளவு கோபம் வருது?"

அந்த எல்லாரில் நானும் ஒருத்தி.

ஏப்ரல் 14

என்ன மனுஷன் இந்த யான்!

ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாளை மதிலின் தெற்கு வாசலில் ஒரு தம்பதி நிற்பார்களாம். வெய்நான் பக்கத்துக் கிராமம், குழந்தையைத் தொலைத்தவர்கள். "நீ ஒண்ணும் சொல்லாதே. அவ சைக்கிளை விட்டு இறங்கி வரட்டும், அந்த அம்மா ஓடி வந்து கட்டிக்கட்டும். மூணு கேமரா வச்சிருக்கேன். ஊரே அழும், சூச்சின்! நம்ம கம்பெனி பேரு எங்கயோ போயிடும்."

"அவங்க பொண்ணுதானா இவ?"

"வயசு ஒத்துப்போகுது."

"டி.என்.ஏ. சோதனை பண்ணீங்களா?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல அழட்டும்."

முதலில் அழட்டுமாம்! நாக்கு கூசாதா? ஃபெம்கேயிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எங்கள் ஊரில் இப்படியும் ஒரு அசிங்கம் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வைத்துவிட்டேன். நாளை சைக்கிள் ஓட்டி முடித்ததும் தெற்கு வாசலுக்குத் திரும்பாமல் வேறு வழியாக இறக்கிவிடலாம்.

ஏப்ரல் 15

வேறு வழியாக இறக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்த இடத்தில்தான் விட வேண்டும் என்று காவலாளி பிடிவாதம் பிடித்தான். யான் வேலையா என்று யாருக்குத் தெரியும்? மதில்மேல் வைத்தே ஃபெம்கேயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சைக்கிளை விட்டு இறங்கினாள். "அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கீழே ஒரு குள்ளமான அம்மாள், கையில் துணிப்பை. பக்கத்தில் அவர் கணவர், கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. எங்களைக் கண்டதும் கேமராக்காரன் "இப்ப, இப்ப!" என்றான். அந்த அம்மாள் ஓடவில்லை. துணிப்பையை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா உங்களை வரச் சொன்னது?" என்று கேட்டேன்.

"மேனேஜர் ஐயாதான். சோதனையெல்லாம் முடிஞ்சிருச்சு, உங்க பொண்ணுதான்னு சொன்னாரே?"

அப்படியானால் இவர்களையும் ஏமாற்றியிருக்கிறார்! கேமராவின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். "எடுடா பாக்கலாம்!"

யான் பாய்ந்து வந்தார். "சூச்சின், உன் வேலை போச்சு!"

"போகட்டும்! நீங்களும் ஒரு பிள்ளையைப் பெத்தவர்தானே? வெக்கமா இல்ல?" மதிலடியில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். நான் இன்னும் என்னென்னவோ கத்தினேன். எழுதக் கூசுகிறது.

திரும்பிப் பார்த்தால் ஃபெம்கே அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "சோதனை எதுவும் நடக்கலைன்னு சொல்லுங்க. ஆனா நாம சேந்து சாப்பிடலாமான்னு கேளுங்க."

சொன்னேன். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டிறைச்சிக் குழம்புக் கடையில் உட்கார்ந்தோம். குழம்பு ஊற்றுமுன் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போடத் தெரியாமல் ஃபெம்கே பெரிய பெரிய துண்டாகப் போட்டாள். அந்த அம்மாள், பெயர் குய்லியன், அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துப் பொடிப்பொடியாகப் பிய்த்துக் கொடுத்தார். மேசைக்கு அடியில் அவருடைய இன்னொரு கையை ஃபெம்கே விடவே இல்லை போலும்; ஒற்றைக் கையாலேயே பிய்த்தார்.

ஏப்ரல் 17

ஃபெம்கே கிளம்பிவிட்டாள். போகுமுன் தானாகவே சோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். "எனக்காக இல்லை. அவங்க ராத்திரி தூங்கணும் இல்லையா?"

கல் நெஞ்சுக்காரி என்று எழுதினேனே!

ஏப்ரல் 20

யான் சம்பளப் பாக்கியையும் தர மறுக்கிறார். சுற்றுலாத் துறையில் புகார் கொடுத்துவிட்டேன். கெங் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "எனக்கும் வேலை போகும், தங்கச்சி. பரவாயில்ல, வண்டி என்னோடதுதானே."

மே 26

இரத்தச் சோதனை முடிவு வந்தது. இல்லை.

போனில் சொல்ல மனம் வராமல் கெங் அண்ணன் வண்டியிலேயே கிராமத்துக்குப் போனேன். இப்போது அவரும் நானும் சேர்ந்துதான் சுற்றுலா ஆட்களை அழைத்துப்போகிறோம். இன்றைக்கு யாரும் இல்லை.

குய்லியன் அம்மா முற்றத்தில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன், "இல்லைன்னுதானே சொல்ல வந்தே?" என்றார். "எங்க குழந்தைக்கு வலது காதுகிட்ட ஒரு சின்ன துவாரம், பிறவியிலேயே. அன்னைக்கு அந்தப் பொண்ணு தலைமுடியை ஒதுக்கினப்பவே பாத்துட்டேன், அவளுக்கு அது இல்ல."

"அப்பவே தெரியுமா? அப்புறம் ஏம்மா சொல்லல?"

பூண்டைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்: "அவ என் கையைப் பிடிச்சிட்டிருந்தாளே."