கூரை போன வீட்டில் துடைப்பம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம், இளைத்துவிடவில்லை.

நேற்று வகுப்பில் பழைய போர்க்காலப் புகைப்படம் ஒன்றைக் காட்டி, "என்ன தெரியுது?" என்று கேட்டார் பேராசிரியர். குண்டு விழுந்து தெருவே தரைமட்டம். கூரை போன ஒரு வீட்டுக்குள் ஒரு அம்மாள் மும்முரமாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்று முறைத்தார்.

"எங்கம்மாவும் இப்படித்தான் சார். வீடே இடிஞ்சாலும், யாராவது வந்தா என்ன நினைப்பாங்கன்னு பெருக்குவாங்க."

அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சிரித்ததால்தான், பயப்படாதே.

நீ வீடு பெருக்கும்போது அண்ணனிடம் உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். தலை வாரி, நல்ல புடவை மாற்றிக்கொண்டு நிற்காதே. துடைப்பமும் கையுமாகவே இரு.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்