பிரேக் டிஸ்க்கில் நல்லெண்ணெய்

அன்பு மகள் நதாவுக்கு, வாப்பா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உம்மாவும் நானும் அல்லாஹ் கிருபையால் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆஸ்டின் வெயிலில் வாடிப்போகாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் எங்கள் துஆ. வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் வாப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பண்ணினால் உம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்ன பேசுவது. மெசேஜ் அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இப்போதாவது உதவட்டும், நிதானமாகப் படி.

பைக் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். உன் அண்ணன் ஜைத் திடீரென்று மூளையில் ரத்தம் கசிந்து மௌத்தான பிறகு அவன் வண்டி குளிர்காலம் முழுக்க கராஜில் துணி மூடிக் கிடந்தது. உன்னைவிட வயதில் மூத்த வண்டி, அதில்தான் பார்சிப்பனி ஆபீசுக்குப் போவேன் என்று எங்களை எவ்வளவு பாடுபடுத்தினான். ஜெர்சி சிட்டியில் இருக்கிற அவன் சிநேகிதன் ஹம்சா, மய்யித்தைக் குளிப்பாட்டும்போது என்னோடு கூட நின்ற பிள்ளை, அங்கிள், சும்மா நிறுத்தி வெச்சா வீணாப் போயிடும், நான் ஓட்டறேன் என்று கேட்டான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என்ஜின் நன்றாக இருந்தது, சக்கரத்தில் பிரேக் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் இரண்டும்தான் துருவேறிப் போயிருந்தன. கழற்றி, நடுப்பகுதியைக் கம்பி பிரஷால் தேய்த்து கறுப்புப் பெயின்ட் அடித்தேன், பிரேக் பிடிக்கிற பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, தேய்மானம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, கிளீனர் போட்டுத் துடைத்து மாட்டினேன். ரிட்டயர் ஆன பிறகு நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று உம்மா சொன்னாள்.

அன்று இரவு மழை பெய்தது. வெறும் இரும்பு ஈரக்காற்றில் லேசாக மஞ்சளாகத் துரு பூத்துவிடும், நாலு தடவை பிரேக் அடித்தால் தானே போய்விடும், அதனால் அதை நான் சட்டையே பண்ணவில்லை. காலையில் துணி துவைக்கக் கராஜுக்குப் போன உம்மா அதைப் பார்த்திருக்கிறாள். தோசைக்கல்லைக் கழுவினால் துடைத்து எண்ணெய் தடவி வைப்பாள் இல்லையா, அதே மாதிரி ஒரு துணியில் நல்லெண்ணெயைத் தொட்டு இரண்டு டிஸ்க்கையும் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

ஹம்சா வந்து, தெருமுனை வரைக்கும் போய்ப் பார்க்கிறேன் என்று எடுத்தான். ஸ்டாப் சைன் பக்கத்தில் பிரேக் பிடித்தான், பிடிக்கவில்லை. வண்டியைத் திருப்பி சேனாபதி அங்கிள் வீட்டுப் புல்தரையில் விழுந்தான். அல்லாஹ் காப்பாற்றினான், முழங்கையில் சிராய்ப்புதான். நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினால் குப்பென்று நல்லெண்ணெய் வாசனை. பின்னாலேயே ஓடிவந்த உம்மா என் முகத்தைப் பார்த்ததும் தானே சொல்லிவிட்டாள். இன்னொருத்தி பிள்ளையைக் கொன்னிருப்பேனேங்க என்றாள். அப்படியே அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு உன்னிடம் போனில் சொன்னபோது நீ ஓ மை காட் உம்மா, தோசை சுடப் போறீங்களா என்று சிரித்தாய். உன்மேல் தப்பில்லை, நானும் அதை வேடிக்கை மாதிரிதான் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்குப் போட்டுவிட்டு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஹம்சா போன் பண்ணி, ஆன்ட்டி, எனக்கு ஒண்ணுமில்ல, நான்தான் செக் பண்ணியிருக்கணும் என்று எவ்வளவோ சொன்னான், போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிஸ்க்கை மறுபடி துடைத்து, புது பேட் மாட்டிவிட்டேன். வண்டி சரியாகிவிட்டது. அவளைச் சரிபண்ண எனக்குத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், அவன் போனதிலிருந்து இந்த வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை நதா. நான் எடுத்தால் அவள் அழுவாள் என்று நான் எடுப்பதில்லை, அவள் எடுத்தால் எனக்கு பிரஷர் ஏறும் என்று அவள் எடுப்பதில்லை, நீ போன் பண்ணினால் வெதர் பற்றிப் பேசுகிறாய். இத்தனை வருஷம் அவனுக்கு ஆக்கிப் போட்ட கை எங்கே போகும். அவன் வண்டி துருப்பிடித்து நிற்பதைப் பார்த்ததும் அதையாவது கவனிப்போம் என்று போய்விட்டது. எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை, அழுகைதான் வந்தது.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் மனநிம்மதியையும் தரட்டும், மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். ஃப்ரீவேயில் வேகமாகப் போகாதே. ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பிரேக்கைப் பற்றிப் பேசாமல், உம்மாவிடம் ஜைத்தைப் பற்றிக் கேள். சின்னப் பிள்ளையில் என்ன சேட்டை பண்ணினான், என்ன சாப்பிட அடம்பிடிப்பான், எதையாவது கேள். அவள் அழுதால் பேச்சை மாற்றாதே, போனை வைத்துவிடாதே. நான் பக்கத்தில்தான் இருப்பேன், எனக்கும் அவனைப் பற்றி யாராவது பேசிக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

துஆவுடன்,
உன் வாப்பா அபுதாஹிர்
பிஸ்கட்டவே