புடலம்பிஞ்சில் கட்டிய கல்

சந்தாபுரா
புதன் காலை

அன்பு மகள் தீபிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டிவலி என்னைவிடச் சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், டாக்டரிடம் போகச் சொல்வாய், அதனால்தான் கடிதம், எழுதி முடித்ததும் வாட்ஸப்பில் படமாக அனுப்பிவிடுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுக் கூப்பிடு.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று நீ சொன்னபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது. நாற்பது வருஷம் ஃபேக்டரிக்குப் போனவனுக்குக் கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் எங்கே தெரியும், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அவளுடைய மணத்தக்காளியையும் முடக்கத்தானையும் பிடுங்கிப் போட்டேன். அபார்ட்மென்ட் கேட்டில் அவளிடம் கீரை வாங்கியவர்கள் இன்னும் விசாரிக்கிறார்களாம். ஃபேக்டரி மூடிக் கிடந்த இரண்டு வருஷமும் அந்தக் கீரைக்கூடைதான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பியது, அதை நான் ஒருநாளும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த ஆடியில் நான் ஒன்றும் விதைக்கவில்லை. எப்போதோ விழுந்த விதை முளைத்துப் புடலங்கொடி பழைய பந்தலில் தானே ஏறிக்கொண்டது, அதுவரை சரி. போன வாரம் காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறேன், தொங்கும் ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் ஒரு கல். பிஞ்சு சுருளாமல் நேராக வளர அம்மா துணிக்கிழிசலில் கல் கட்டித் தொங்கவிடுவாளே, அதே மாதிரி. பக்கத்து வீட்டு மமதாவின் வேலையாக இருக்கும் என்று போய்க் கேட்டேன். தேவராணே, சத்தியமா நான் இல்ல அங்கிள், ஆன்ட்டி போடுற முடிச்சு எனக்கு வரவே வராது என்றாள். பின்கேட்டுச் சாவியோ என் இடுப்பில். கிழிசலை உற்றுப் பார்த்தேன். நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த ஊதாப்பூப் போட்ட நூல்சேலை அது. அதை அவளுக்கு உடுத்தித்தானே அனுப்பினோம், நெருப்போடு போன சேலை இங்கே எப்படி வரும்?

பயந்துதான் போனேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. தோட்டத்தை விற்றுத் தரும் புரோக்கர் நாகேஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். சார், வெள்ளிக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சா ஜேசிபி வந்து எல்லாத்தையும் கிளீன் பண்ணிடும், சும்னே வீணா டென்ஷன் ஆகாதீங்க என்றான். அதற்குப் பிறகும் பிஞ்சு வர வரக் கல்லும் வருகிறது. நான் பிடுங்கிப்போட்ட முடக்கத்தான் வேலியில் மறுபடி ஏறிவிட்டது. நேற்று சாயங்காலம், ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் உலர்த்தினேன். இன்று காலை எடுக்கப் போனால் சட்டையின் கீழ்நுனியில் ஊதாப்பூக் கிழிசல், அதில் ஒரு கல். நான் அடம்பிடிக்கும்போதெல்லாம் அம்மா, உங்களுக்கும் ஒரு கல்லைக் கட்டி வுட்டாத்தான் நேராவீங்க என்பாளே, ஞாபகம் இருக்கிறதா? சிரிப்பு வந்தது, பிறகு வெகுநேரம் அழுதேன். வெள்ளிக்கிழமை நான் போகப்போவதில்லை. நீயும் கையெழுத்துப் போட்டு எதையும் அனுப்பாதே, நாகேஷிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மணத்தக்காளி நாற்றுக்கு மமதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வீட்டு அடுப்பும் விளக்கும் எந்நாளும் குறைவில்லாமல் எரியட்டும். குட்டிக்குத் தாத்தாவின் முத்தம். குளிர் என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் யோசித்துப் பார், அந்தச் சேலையில் நீ இரண்டு எடுத்தாயா? ஒன்றுதான் என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கல்லை அவிழ்க்காமல் அதே சட்டையோடு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா
இராஜமாணிக்கம்