சிவப்பு வயரை நீ பார்த்தாயா?

இன்று காலை மெஷின் அறை அலமாரியைத் திறந்ததும் ஈர அட்டை வாசனை முகத்தில் அடித்தது. மழை பிடித்துவிட்டது. உள்ளே பழைய வயர்ப் பலகை இருந்தது. அதில் ஒரே ஒரு வயர் மட்டும் ஓட்டையில் குத்தியபடி நின்றது. அதன் நுனியில் கறுப்பு நூல் முடிச்சு. நீ குத்தும் ஒவ்வொரு வயரிலும் கடைசி வருஷத்தில் அந்த முடிச்சைப் போட ஆரம்பித்தாய். ஏன் போட்டாய் என்று எனக்குத் தெரியும். என்னால்தான்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மெஷினைப் பார்த்து முதலில் பைத்தியம் பிடித்தது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டையில் நம் ஆபீஸ். ரேஷனுக்காக ஊரை எண்ணும் வேலை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. எந்தப் பேட்டை, பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் எல்லாம் அட்டையில் ஓட்டைகள். அட்டை மெஷினுக்குள் போகும்போது ஓட்டை இருக்கும் இடத்தில் கரண்ட் பாயும். அந்தக் கரண்ட் எந்தச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்று சொல்வது பலகையில் குத்தியிருக்கும் வயர். ஒரு வயரை மாற்றினால் பிள்ளைகளெல்லாம் பெரியவர்கள் ஆகிவிடுவார்கள்! மெஷினுக்குத் தனியாக அறிவு கிடையாது. நாம் குத்தும் வயர்தான் அதன் அறிவு. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் நாம் இருவரும் அட்டையில் ஓட்டை போட வந்த ஆட்கள். பலகையைத் தொடக்கூடாது. மெஷின் கம்பெனி துரை வந்து, முதுகால் மறைத்துக்கொண்டு குத்திவிட்டுப் போவார். நான் வலப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் நின்று நீயும் அதையே செய்துகொண்டிருந்தாய். சாயங்கால ரயிலில்தான் அது தெரிந்தது. நீ சயானில் இறங்கித் தாராவிக்கு நடப்பாய், நான் அதற்கு முன்னால் மாதுங்காவில் இறங்குவேன்.

"வலது பக்கம் எத்தன வயர் ஞாபகம் இருக்குவே, ஐயரே?" என்றாய் திடீரென்று.

"எல்லாம்."

"எடது பக்கம் எங்கிட்ட இருக்கு. நடுவுல அந்தாளு முதுகு மறச்சிட்டு."

"அப்போ நடுவுக்கு என்னடா பண்றது?"

"குத்தி ஓட்டிப் பாப்போம். தப்பாப் போனா மெஷினே சொல்லும்."

கெட்டுப்போன அட்டையின் பின்பக்கத்தில், ரயில் குலுக்கலில், என் பாதியையும் உன் பாதியையும் சேர்த்து வரைந்தோம். மாதுங்கா வந்ததுகூடத் தெரியாமல் உன்னோடு சயான்வரை வந்துவிட்டேன். அடுத்த மாதம் துரைக்குக் காய்ச்சல். நம் சூபர்வைசர் சாஹேப் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நாம் போய்க் குத்திக் காட்டினோம். அவருக்குக் கண் வெளியே வந்துவிட்டது.

அதன்பிறகு வாரத்துக்கு ஒருவர் பலகை, மற்றவர் மெஷின். மாதக் கடைசியில் ஒருவரை மட்டும் பலகைக்கு நிரந்தரமாகப் போடுவதாக சாஹேப் சொன்னார். நமக்குள் ஒரு சட்டம் போட்டோம். உன் வாய்தான் முதலில் சொன்னது: "ஒருத்தன் குத்துன போர்ட இன்னொருத்தன் தொடப்படாது."

அந்த ஆவணியில்தான் எண்ணிக்கை உதைக்க ஆரம்பித்தது. ஒரே பெட்டி அட்டைகளைக் காலையில் ஒருமுறை, மதியத்துக்குப் பின் ஒருமுறை ஓட்டிச் சரிபார்ப்பது வழக்கம். மதியம் ஓட்டினால் குறைந்தது. தினமும் குறைந்தது. அந்த வாரம் பலகை என்னுடையது.

மதியம் எல்லோரும் கீழே டிபன் டப்பாவோடு போய்விடுவோம். மேலே நீ மட்டும் இருப்பாய். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ மெஷின் பக்கத்தில் குனிந்திருந்தாய். என் காலடி கேட்டதும் ஒரு காகிதத்தைச் சட்டைக்குள் செருகினாய்.

"தனியா என்னடா பண்ணிண்டிருக்கே?"

"நோம்பு நேரத்துல ஒங்க தயிர்சாதத்துக்கு நடுவுல என்னயக் கொண்டு உக்கார வைக்கணுமாக்கும்?"

சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே அப்போது மதம் பார்த்து ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அந்தக் கண் எனக்கும் வந்துவிட்டதா, இல்லை வேலை ஆசையா, இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. என் பலகையில் நீ கை வைக்கிறாய், என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாய் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் ஒரு பொறி வைத்தேன். சாப்பிடப் போகும் முன், பிள்ளைகள் எண்ணிக்கைக்குப் போகும் சிவப்பு வயரைப் பிடுங்கிப் பக்கத்து வெற்று ஓட்டையில் குத்தினேன். திரும்பி வரும்போது அது இடம் மாறியிருந்தால் கள்ளன் நீதான். சாப்பிட்டுவிட்டு நேரே வந்து பார்ப்பதாக எண்ணம். ஆனால் படியிலேயே சாஹேப் என்னை மறித்துக் கீழ்க் கிடங்குக்கு அட்டை இறக்க அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தேன். சிவப்பு வயர் நான் குத்திய இடத்திலேயே இருந்தது. நீ தொடவில்லை. அதற்குள் தாராவிப் பெட்டிகள் முழுவதையும் ஓட்டி முடித்திருந்தாய்.

தாளைப் பிடித்துக்கொண்டு சாஹேப் வந்தார். "அரே, தாராவி மே ஏக் பீ பச்சா நஹீ ஹை க்யா?" தாராவியில் ஒரு பிள்ளைகூட இல்லையாம்; பிள்ளைகள் பத்தி முழுக்கப் பூஜ்யம். உன் தெருப் பிள்ளைகள், உன் தங்கச்சி எல்லோரும் பூஜ்யம். தாள் ரேஷன் ஆபீசுக்குப் போயிருந்தால் அவர்கள் பங்குக்கு அரிசி இல்லை.

"யார் ஓட்டினது?"

"நாந்தான் சாஹேப்," என்றாய்.

என்னைப் பார்த்தாய். நான் என் விரல் நகத்தைப் பார்த்தேன். காலையில் சரியாக ஓடியதை மதியம் ஓட்டியவன்தான் கெடுத்திருக்கிறான் என்று முடிவாகி, நாளை முதல் வரவேண்டாம் என்று உன்னிடம் சொன்னார்கள்.

நீ போன பின் எண்ணிக்கை சரியாகும் என்று காத்திருந்தேன். மதியக் குறைச்சல் இன்னும் கூடியது! பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தேடினேன். மூன்றாம் நாள், ஒரு பெட்டியின் அடியில், அன்று நீ சட்டைக்குள் செருகிய காகிதம் கிடைத்தது. தேதி, பெட்டி, ஒட்டிய அட்டை எத்தனை என்று வரிசையாக எழுதியிருந்தாய். கீழே ஒரு வரி: "மதியம் மெயின் சுவிட்ச எறக்குன பொறவு ஃபேன் நிக்கி. மழைக்கு அட்டை ஊதி, ரெண்டு ரெண்டா ஒட்டிப் போவுது. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு மொதல்ல ஐயருகிட்டச் சொல்லணும்."

சாப்பாட்டு நேரம் முழுக்க வெறும் வயிற்றோடு உட்கார்ந்து அட்டைகளை விசிறிப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். என் எண்ணிக்கை சரியாக வருவதற்காக.

சாஹேபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திரும்ப ஓட்டை போடும் மேசைக்குத் தள்ளினார். பலகை உனக்கு. அதைச் சொல்ல அன்று நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தாராவி வந்தேன். உன் வாசலில் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாய்.

"வயரை மாத்தினது நான்தான்."

"எதுக்கு?"

"நீ என் போர்டைத் தொடறியான்னு பார்க்க."

"தொட்டா கள்ளன். தொடலன்னா வேல காலி. நல்ல ஏற்பாடுவே!"

"தப்பான ஓட்டையில இருந்ததை நீ பார்க்கவே இல்லையாடா?"

உன் கண் ஊசி முனையைக் கூடத் தவறவிடாது. துரை முதுகுக்குப் பின்னால் நின்று பாதிப் பலகையைப் படித்த கண். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"கஞ்சி ஆறுது. குடி."

அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு வருஷம் பலகையை ஆண்டாய், இது நான் குத்தியது என்று வயருக்கு வயர் முடிச்சுப் போட்டாய், என்னோடு ரயிலில் பழையபடி பேசினாய், அடுத்த மழையில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பார்த்தாயா? பார்த்தும், சட்டம் சட்டம்தான் என்று ஓட்டினாயா? இல்லை, நான் வாயைத் திறக்கிறேனா என்று நீ எனக்கு வைத்த பொறியா அது? எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் ரேடியோ வால்வு வைத்த பெரிய எண்ணும் மெஷின் வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். ஓர் அறை முழுக்க மெஷினாம்! படித்ததும் ரயிலில் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் நடுவை யார் மறைக்கிறார்கள் என்று கேட்டிருப்பாய்.

இப்போது பலகை என்னிடம். எண்ணிக்கை உதைத்தால் மெஷினைத் திட்டமாட்டேன், அதை ஓட்டும் பையன்களை ஓரக்கண்ணால் பார்க்கமாட்டேன். முதலில் நான் குத்திய வயர்களை விரல் வைத்து எண்ணுவேன். பிறகு அட்டை. ஆள் கடைசியில்தான்.

அந்தப் பழைய பலகையை இன்று சுத்தம் செய்து உபயோகத்துக்கு எடுத்தேன். முடிச்சுப் போட்ட வயர் பிள்ளைகள் எண்ணிக்கைக்குப் போகிற ஓட்டையில் இருந்தது. சரியான ஓட்டை. மற்றதையெல்லாம் நான் குத்தினேன். அதைத் தொடவில்லை. அது நீ குத்தியது.