ராகு காலத்தில் நிறுவாத லினக்ஸ்

நண்பா, இன்று மாலை என் சாவிக்கொத்தில் தொங்கும் உன் யூஎஸ்பியைத் துடைத்தேன். 'லினக்ஸ், தொலைக்காதே' என்று நீ எழுதி ஒட்டிய காகிதத்தில் மை மங்கத் தொடங்கிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.40. ஈசூனிலிருந்து மார்சிலிங்கில் உள்ள என் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தாய். பழைய மடிக்கணினியின் இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பு இனி வராது என்பதால் அதைத் தூக்கி எறியவிருந்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோர் ஆண்டுகள் மின்பழுது பார்த்த உனக்கு அது பொறுக்கவில்லை; லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் ஓடும் என்றாய்.

"நல்லா ஓடுற மெஷினை யாராச்சும் வீசுவாங்களா லா?"

செருகியதும் திரை கேட்டது: சோதித்துப் பார்ப்பதா, நிறுவுவதா?

"சும்மா ட்ரை பண்ணா, ஆஃப் பண்ணதும் எல்லாம் போயிரும். இப்பவே இன்ஸ்டால் பண்ணிடுவோம்டா."

நான் சிராங்கூன் சாலையில் வாங்கிய நாள்காட்டியைப் புரட்டினேன். "இப்ப ராகு காலம். தேய்பிறை வேற. இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, காலையில வச்சுக்குவோம்."

"கம்ப்யூட்டருக்குமா ராகு காலம்? உன் பொண்டாட்டி எப்படித்தான் உன்கூட காலம் தள்ளுச்சோ!"

ஆகவே சோதித்து மட்டும் பார்த்தோம். ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று அறிய நீ பேசிப் பதிந்தாய்: "ஹலோ, ஹலோ. இவன் பஞ்சாங்கம் பாக்குறான். டீ ஆறுது." திரும்பக் கேட்டு இருவரும் சிரித்தோம். ஆறு மணிக்கு நீ கிளம்பினாய். நான் வழக்கம்போல் கணினியை முறைப்படி அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்தேன். நீ எச்சரித்தது அப்போது எனக்கு நினைவில்லை.

இருபத்தைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, உன் இதயம் நின்றது. நான் குறித்துக் கொடுத்த வியாழக்கிழமை காலையில் மண்டாய் தகனச்சாலையில் உன்னை வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியிலும் நீ எழுத்தாகத்தான் அனுப்புவாய். உன் குரல் என்று என்னிடம் இருந்தது அந்த ஒரு பதிவுதான்; கணினியை அணைத்தபோதே அதுவும் அழிந்துவிட்டது. எத்தனையோ முறை அந்த யூஎஸ்பியைச் செருகி, 'சோதித்துப் பார்' என்பதையே அழுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே வெற்றுத் திரை. அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

இன்று ஞாயிறு, மாலை 5.10. நாள்காட்டியைப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியும், ராகு காலம்தான். 'நிறுவு' என்பதை அழுத்தினேன். இருபத்திரண்டு நிமிடங்களில் முடிந்தது. முதல் கோப்பில் நீ சொன்ன அந்த மூன்று வரிகளைத் தட்டச்சு செய்து சேமித்தேன். அணைத்துவிட்டு மீண்டும் திறந்தேன். சொற்கள் அப்படியே இருந்தன, உன் குரல் இல்லாமல்.

யூஎஸ்பி மறுபடியும் என் சாவிக்கொத்துக்குப் போய்விட்டது. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்ல இங்கே யாரும் இல்லை.