நகராத புள்ளி

இன்று காலை கேன் தண்ணீரை டம்ளரில் ஊற்றினேன். மூடியில் ஒட்டியிருந்த தேதியை நான் நம்பவில்லை. குடிப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனேன். எல்லாம் நீ ஒட்டவைத்துவிட்டுப் போன புத்தி.

தொண்ணூறுகளில், லாரித் தண்ணீருக்குத் தெருவே காத்திருந்த கோடையில், மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஆய்வுக்கூடத்துக்கு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவாய். உன் அம்மா காய்ச்சி வடிகட்டிக் கொடுத்ததையே முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பாய். பெற்றவளையே நம்பாதவள் என்று கேலி செய்வேன்.

நம் வேலையும் தண்ணீரோடுதான். என்.எம்.ஆர். கருவியின் பெரிய காந்தத்துக்குள் புரதக் கரைசலை இறக்கி, எந்தத் தண்ணீர் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, எது சும்மா சுற்றுகிறது என்று பார்ப்போம். உன் வரைபடத்தில், தண்ணீரின் கோட்டுக்கு நேராக ஒரு புள்ளி விழுந்தது. புரதத்தின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர் மூலக்கூறு சிக்கியிருக்கிறது என்றோம். உன் முனைவர் பட்டமே அந்தப் புள்ளியை நம்பித்தான் இருந்தது. பேராசிரியர் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார். நான் போளி வாங்கி வந்தேன். நீ தொடவில்லை.

"எனக்கென்னமோ சரியாப் படலடி. ரொம்ப நேரா நிக்கறது."

கரைசலைச் சூடாக்கினால் தண்ணீரின் கோடு நகரும். புள்ளி தண்ணீருடையது என்றால் அதோடு சேர்ந்து நகரும்; புரதத்தின் சொந்தப் புள்ளி என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். அதைச் செய்து பார்க்கவேண்டும் என்றாய். கட்டுரை போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். பட்டம் வாங்கப் பயமோ என்றுகூட உன்மேல் எனக்குச் சந்தேகம். நீ கேட்டால்தானே? சூடாக்கினாய். கோடு நகர்ந்தது. புள்ளி அசையவில்லை. அது தண்ணீரே இல்லை.

பேராசிரியர் உன்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். பட்டம் தள்ளிப்போயிற்று. பாத்ரூமில் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்து, காய்ந்துபோன போளியை எடுத்துத் தின்றாய்.

போன மாதம் உன் மகள் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. எந்த டாக்டர் பார்த்தார், சரியாகப் பார்த்தாரா என்று அந்தப் பெண்ணைக் குடைந்தேன். வந்தேன். உன் கையை என் இரு கைகளுக்குள் வைத்து, சூடு ஏறட்டும் என்று தேய்த்தேன். நீ அசையவில்லை. அப்புறம்தான் நம்பினேன்.

எல்லாம் முடிந்தபின் உன் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னை அறியாமல் முகர்ந்தேன். அதுவரை அழாமலிருந்தவள் உடைந்துபோனாள்.

"அம்மா மாதிரியே பண்றேளே, ஆன்ட்டி."